எலி கடித்த குக்கர்

முப்பது வருடம் ஆலை பாய்லரோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவருக்கு, பட்டனைத் தட்டினால் தானே சோறு வடித்துத் தானே அணையும் குக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து தேய்ந்தார்.

மகன் ஆசையாக வாங்கித் தந்த அந்தக் கரண்ட் குக்கரின் ஒயர் இன்று மூன்றாவது முறையாக அறுந்து கிடந்தது.

“எலிதாண்டா” என்றார். அடுப்பில் அவர் வைத்த உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“பொறி வச்சும் சிக்கலையேப்பா. நாளைக்கு மருந்து வச்சிடலாம்.”

“பாவம், கிழட்டு எலி. விட்டுடேன்.”

“அதுக்கு வயசு வேற பாத்தீங்களா?” மகன் ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். “சாயங்காலம் புதுசு வாங்கிட்டு வர்றேன். இன்னிக்கு ஒரு நாள் சிரமப்படுங்க.”

அவன் வேலைக்குக் கிளம்பினான். சிரமமா? நாலு பருக்கையை எடுத்து நசுக்கிப் பதம் பார்த்தார். நாளைக்கு மறுபடி சோபாதான் என்று நினைத்ததும் கால் நிலைகொள்ளவில்லை.

மருமகள் தட்டோடு வந்து நின்றாள்.

“குழையாத சோறு உங்க கையிலதான் மாமா. ஆனா அந்த எலிகிட்ட ஒண்ணு சொல்லி வைங்க.”

“என்னம்மா?”

“கடிச்ச நுனியில இன்சுலேஷன் டேப் சுத்தி வைக்க வேணாம்னு. ஒவ்வொரு தடவையும் அவர் பாக்கிறதுக்குள்ள நான்தான் பிரிச்சுப் போடறேன்.”