இன்னும் பத்து நிமிஷம்

கீமோ மருந்து ஏற்றுவதற்கு முன், ஒவ்வாமை வராமலிருக்க ஓர் ஊசி போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். போன மாதம் கூட்டம் அதிகமென்று நர்ஸ் ஒரு தையல்கார அம்மாவுக்குப் பத்தே நிமிடத்தில் மருந்தை ஏற்றிவிட்டாள். அந்த அம்மா மூச்சுத் திணறி இறந்துபோனார். நர்ஸை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று ஒரு தபால்காரருக்கு ஊசி போட்டாள். இருபதாவது நிமிடம், எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனாள்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்காமே," என்றார் அவர். "பக்கத்துல தையல்கார அம்மா சொன்னாங்க."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"கோபமா இருந்தாங்களா?"

"இல்லையே. பாவம், அந்த நர்ஸ் பொண்ணு இன்னும் சாப்பிடலைன்னு வருத்தப்பட்டாங்க."

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஊசி போட்டு நாற்பது நிமிடம் ஆன பிறகும் மருந்தைத் திறந்துவிட அவளுக்குக் கை வரவில்லை.