பெறுநர்: வகுப்பாசிரியர்

ஏழாவது தாளிலும் அதுவே.

அவள் சிவப்புப் பேனாவை மேசைமேல் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். கோரிக்கை மனு வேறு, விடுப்பு விண்ணப்பம் வேறு. மனித உரிமை மன்றத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு மனு எழுத வேண்டும். நாளை வரும் கல்வி அதிகாரிக்கு. சொந்த வார்த்தையில். மாணவியர் கழிப்பறையைத் திறந்துவிடச் சொல்லி.

இருபத்துமூன்று பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அனுப்புநர் சரி. பெறுநர் என்ற இடத்தில் ‘வகுப்பாசிரியர், ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு’. அதன் கீழே, ‘மதிப்பிற்குரிய அம்மா, கழிப்பறை பூட்டியிருக்கிற காரணத்தால் எனக்கு ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

மூன்றாம் வகுப்பிலிருந்து மனப்பாடம். காய்ச்சல் இருந்த இடத்தில் கழிப்பறையை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அந்த வகுப்பாசிரியர் அவள்தான்.

மன்றத்தின் பொறுப்பாசிரியரும் அவள்தான். சமூக அறிவியல் எடுப்பவள் என்றால் உரிமையெல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும். சேர ஆள் கிடைக்கவில்லை. சாரணர் இயக்கம் சட்டை தருகிறது. விளையாட்டு மன்றம் பந்து தருகிறது. மனித உரிமை என்ன தரும்? தன் வகுப்புப் பெண்களையே மொத்தமாகப் பெயர் எழுதிச் சேர்த்துவிட்டாள். ஒருத்தியிடமும் சம்மதம் கேட்கவில்லை.

கழிப்பறை கட்டி முடித்து ஐந்து மாதம் ஆகிறது. ரோஜா நிறச் சுவர். வெள்ளை ஓடு. குழாயைத் திருகினால் தண்ணீர்கூட வருமாம். வாசலில் கல்வெட்டு, கல்வெட்டுக்கு ஒரு திரை. திறந்துவைக்க வேண்டிய பெரியவர் இன்னும் தேதி தரவில்லை. அதனால் பூட்டு.

பழையதை இடித்த இடத்தில்தான் புதியதைக் கட்டினார்கள். அதனால் அதுவும் இல்லை.

பையன்கள் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்குகிறார்கள். ஆசிரியைகளுக்கு எதிர்வீடு இருக்கிறது. பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

சாவி கேட்டு மூன்று முறை போய்விட்டாள்.

“விழாவுக்கு முன்னாடியே புழங்கிட்டா நல்லாவா டீச்சர் இருக்கும்?” என்றார் தலைமையாசிரியர், மூன்று முறையும். மனிதர் கெட்டவரில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவர் என்றால் சண்டையாவது போடலாம்.

நாளை மனித உரிமைகள் தினம். அதிகாரி முன்னால் மன்றத்துப் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்க வேண்டும். படம் பிடித்து மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக மனுக்களை அவர் கையில் திணித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

இதையா திணிப்பது? வாங்கிப் படித்துவிட்டுச் சிரிப்பார்.

கடைசி மணிக்கு இன்னும் ஒரு பாடவேளை இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்து முதல் தாளிலிருந்து தொடங்கினாள். ‘விடுப்பு அளிக்குமாறு’ என்பதை அடித்து, மேலே ‘கழிப்பறையைத் திறந்துவிடுமாறு’. எட்டு. ஒன்பது. பத்து. அடிக்க அடிக்கக் கோபம் ஏறியது.

பதினோராவது தாள் முத்துப்பேச்சியுடையது. கடைசி பெஞ்சு. கோழி கிளறிய கையெழுத்து.

‘கழிப்பறை பூட்டியிருக்கிற காரணத்தால், அதைத் திறக்கும் வரைக்கும், எனக்கு மாதாமாதம் மூன்று நாட்கள் விடுப்பு அளிக்குமாறு.’

அடிக்கப் போன பேனா நின்றது.

வருகைப் பதிவேட்டை இழுத்துப் புரட்டினாள். முத்துப்பேச்சி, ஜூலையில் மூன்று நாள் இல்லை. ஆகஸ்டில் மூன்று. செப்டம்பரிலும் அக்டோபரிலும் மூன்று மூன்று. நவம்பரில் நான்கு.

எல்லாவற்றுக்கும் காய்ச்சல் என்றுதான் விண்ணப்பம் வந்தது. எல்லாவற்றிலும் ‘அனுமதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். போன மாதம் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, “மாசாமாசம் உனக்கு மட்டும் எங்கிருந்துடீ காய்ச்சல் வருது?” என்று கேட்டவளும் அவள்தான்.

பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அன்றைக்கே அது உறைத்திருக்க வேண்டும்.

அவளும் ஒரு பெண்தானே. வெட்கமாக இருந்தது.

விரலை மற்றப் பெயர்களின் மேல் ஓட்டினாள். இரண்டு. மூன்று. இரண்டு. மறுபடி மூன்று. பக்கத்துக்குப் பக்கம்.

பிள்ளைகள் தப்பாக எழுதவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். கொடுக்கக்கூடிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள்.

பூட்டைத் திறக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. இதற்கு இருந்தது.

திருத்திய பத்துத் தாள்களையும் மறுபடி எடுத்தாள். தான் எழுதியதை அடித்தாள். ‘விடுப்பு’ என்று தெளிவாக எழுதினாள். எந்த நாளுக்கு என்று ஒருத்தியும் குறிப்பிட்டிருக்கவில்லை. ‘ஒரு நாள் மட்டும்’ என்பதன் பக்கத்தில் நாளைய தேதியைப் போட்டாள். கீழே இடது மூலையில் அனுமதி. கையெழுத்து.

முத்துப்பேச்சிக்கு மூன்று நாள். நாளையிலிருந்து.

ஆசிரியர் அறை வாசலில் தலைமையாசிரியரின் தலை தெரிந்தது.

“டீச்சர், நாளைக்கு மன்றத்துப் பிள்ளைக எல்லாம் எட்டரைக்கே வந்துரணும். போட்டோவுல முன்வரிசை அதுகதான். சொல்லிட்டீங்கள்ல?”

“அதுகளுக்குத்தான் சார் எழுதிக்கிட்டிருக்கேன்.”

“எழுதுங்க, எழுதுங்க” என்று திருப்தியாகப் போனார்.

அவள் பன்னிரண்டாவது தாளை எடுத்து நாளைய தேதியைப் போட்டாள்.