வாப்பாவின் பக்கம்

டாக்டர் வரைந்த குடும்பப் படத்தில் உம்மாவின் பக்கம் நிறைந்திருக்கிறது. வாப்பாவின் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. இந்த ஊரில் குடி என்கிற வம்சம் தாய்வழிதான். மார்புப் புற்றோடு வந்த றஸ்னா அந்தப் பக்கத்தை நினைக்கவேயில்லை. கட்டி வளராமல் தடுக்கும் மரபணு அவளுக்குப் பிறப்பிலேயே பழுதாம். அது வாப்பா வழியாகவும் வருமாம். துணைக்கு வந்த வாப்பாவின் தங்கை பரீதா மாமி முந்தானையை இறுக்குகிறாள். "எனக்கும் ஒரு மார்ப வெட்டி எடுத்தவங்க, மகள். உங்கட கலியாணம் குழம்பிரும் எண்டு மறைச்சிட்டன்." "கலியாணம் நடந்திச்சி மாமி! இப்ப என்ட ரெண்டு குமர்ப் பிள்ளைகளுக்கும் என்ன சொல்ற?" கிளினிக் வரிசையே திரும்பிப் பார்க்கிறது. மின்விசிறிக் காற்றில் படம் வரைந்த தாள் படபடக்கிறது. மாமி அதன் ஓரத்தை அழுத்திப் பிடிக்கிறாள். றஸ்னா கோபம் ஆறாமலே பேனையை எடுத்து, வெறும் பக்கத்தில் முதல் பெயரை எழுதுகிறாள்: பரீதா.