முதல் தீர்மானம்

“நலச்சங்கத்து மீட்டிங்ல பேரைச் சொல்லச் சொன்னாலே உனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீ எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?”

“நின்னா போதுங்க. பேசறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

“நல்லது. ஏரியில இருக்கிற ஆமையெல்லாம் வரிசையா வந்து உனக்கு ஓட்டுப் போடும்.”

இரண்டு மாதத்துக்கு முன் மனைவி ஜோதிலட்சுமியிடம் இப்படிப் பேசியதை மோகன்ராஜ் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. கீழ்க்கட்டளையில் ஏரி நீர் மேலாண்மைக் குழுத் தேர்தலில் அவள் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள். ‘நான்தான் நிக்கச் சொன்னேன்’ என்பதுதான் இப்போதைய வரலாறு.

எதிர்த்து நின்றவர் தண்ணீர் லாரி ரத்தினம். ஏரி வற்றிவிட்டால் லாரி எங்கே போய் நிற்கும்? அவருக்கும் சுற்றுச்சூழலில் அக்கறை இருந்தது. வீட்டுக்கு ஒரு கேன் தண்ணீர் கொடுத்து அதை நிரூபித்தார். ஜோதி கொடுத்தது ஒரே ஒரு வாக்குறுதி: ஏரியின் உபரித் தண்ணீர் போகும் கால்வாயை யார் மறித்துக் கட்டியிருந்தாலும் இடிக்கப்படும்.

அதை நோட்டீசில் கொட்டை எழுத்தில் போடவைத்தவர் மோகன்ராஜ். காரணம், பக்கத்து வீட்டு சம்பத்தின் கார் ஷெட். பத்தொன்பது வருஷமாக மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும். மோகன்ராஜ் வீட்டுக்குள் முழங்கால் அளவு வரும். ஃப்ரிட்ஜ் மேசைமேல் ஏறும். ஜோதி கட்டில்மேல் ஏறுவாள். மோகன்ராஜ் ஜன்னலைத் திறந்து அந்த ஷெட்டைத் திட்டுவார்.

தன் வீட்டை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. ஆபீசுக்கு லீவு போட்டு, செங்கல் செங்கலாகத் தட்டிப் பார்த்துக் கட்டியது. ‘ஹால் கொஞ்சம் இருட்டா இருக்கே’ என்று சொன்ன மைத்துனர், அதற்குப் பிறகு அந்த ஹாலைப் பார்க்கவே இல்லை.

இன்று குழுவின் முதல் கூட்டம். ஜோதி திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மோகன்ராஜ் வாசலுக்கு வந்துவிட்டார்.

“தீர்மானம் போட்டாச்சா? சம்பத் ஷெட்டை என்னைக்கு இடிக்கறாங்க?”

“அது பட்டா நிலங்க. தெரு முழுகுறதுக்குக் காரணம் வேற ஒரு வீடு. ஒரே ஒரு வீடு.”

“யாரு அந்தப் புண்ணியவான்?”

அவள் சர்வே வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். நீலக்கோடு ஏரியிலிருந்து கிளம்பி, தெருமுனையில் திரும்பி, சம்பத்தின் காம்பவுண்டை மரியாதையாக ஒதுங்கிக் கடந்து, நேராக மோகன்ராஜின் சமையலறையில் நுழைந்து, பூஜை அறை வழியாக வெளியே போயிற்று.

“சர்வேயர் தூக்கத்துல வரைஞ்சிருப்பான்,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அப்ரூவ்டு மனைன்னு சொல்லித்தானே வித்தான் அந்த புரோமோட்டர்?”

“இந்த வரைபடம் நம்ம கல்யாணத்துக்கும் முன்னாடி போட்டது. ஒன்பது வருஷம் முன்னாடி தாலுகா ஆபீசுக்குப் போனப்பவே பார்த்துட்டேன்.”

“தெரிஞ்சுமா வீடு வீடா ஏறி இறங்கி, இடிக்கறேன்னு ஓட்டுக் கேட்டே? நானும் உனக்கு நோட்டீஸ் தூக்கிக்கிட்டு அலைஞ்சேனே?”

“ஆமாங்க.”

“பைத்தியமா உனக்கு? எதுக்குடி எலெக்‌ஷன்ல நின்னே?”

ஜோதி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாக்கு ஒட்டவில்லை.

“உங்ககிட்ட நேரா சொல்றதைவிட அதுதான் சுலபமா இருந்துச்சு. வேற வீட்டுக்குப் போயிடலாங்க. மூணாவது மாடியா பாருங்க.”