இதுக்கு மேல ஏத்த மாட்டேன்

"இதுக்கு மேல டர்போ பூஸ்டை ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பாதி மூடினாள் அவள்.

ஒர்க்‌ஷாப் அவளுடையது. சோதனை உருளைகள் மேல் நின்ற கார் அவள் கணவனுடையது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் போட்டி. வேடிக்கை பார்க்க அவனுடைய கிளப் நண்பர்கள் இருவர் வந்திருந்தார்கள்.

"என்ன அண்ணி, டர்போவை அழகுக்கா மாட்டியிருக்கு?" என்றான் தாடிக்காரன். "காத்தை நல்லா அமுக்கி உள்ள தள்ளினாத்தானே வண்டி பறக்கும்!"

"கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளினா பிஸ்டன் உருகிடும் தம்பி. முதல்ல டர்போ வால்வு ஸ்பிரிங் தர்ற குறைஞ்ச அழுத்தத்துல மட்டும் ஓட்டிப் பார்த்தேன். ஹோஸ்ல கசிவு இல்லைன்னு தெரிஞ்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். அளவைத் தாண்டினா பெட்ரோல் தானா நின்னுடற மாதிரியும் வச்சாச்சு. போதும்."

உயரமானவன் திரையை நிமிர்த்திப் பார்த்தான்.

"இன்ஜின்ல தட்டல் துளிகூட இல்லையே! இன்னும் தாராளமா தாங்கும்."

"தாங்கும்."

"அப்புறம் என்ன?"

"ஏத்த மாட்டேன்."

இருவரும் கணவனைப் பார்த்தார்கள். அவன் கையை விரித்தான்.

"மேலிடத்து உத்தரவு. நான் என்னடா பண்ண முடியும்?"

"பேசாம அவங்களையே ஓட்டச் சொல்லு. மாட்டு வண்டியோட போட்டி போடலாம்!"

சொல்லிவிட்டுத் தாடிக்காரன் சிரித்தான். கணவனும் சேர்ந்து சிரித்தான். அவள் குனிந்து ஹோஸ் கிளிப்பை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

உயரமானவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"போன தடவை கடைசி ஏத்தத்துல வேகம் பத்தாமதான் கோப்பை கைநழுவிப் போச்சு. கட்டினவர் ஜெயிக்கறதுல உங்களுக்கு அப்படி என்ன கஷ்டம் அண்ணி?"

அவள் கை ஒரு கணம் நின்றது. மறுபடி முடுக்க ஆரம்பித்தாள்.

"வர்றோம்டா. உன் பாடு கஷ்டம்தான்" என்று கணவனின் தோளைத் தட்டிவிட்டு நண்பர்கள் கிளம்பினார்கள்.

பைக் சத்தம் தெருமுனையில் மறைந்தது. கணவன் அவள் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தான்.

"ரொம்பப் பேசிட்டாங்கல்ல?"

"விடுங்க. பேசிட்டுப் போகட்டும்."

வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"போன தடவை அந்த வளைவுல வண்டி சறுக்கினதுலேர்ந்து ஆக்சிலரேட்டர்ல வச்சாலே கால் நடுங்குது... நான் ஏற்கனவே உன்கிட்ட குறைக்கச் சொன்னதைவிட இன்னும் ஒரு படி குறைச்சு வச்சிடறியா?"