எழுதியவர்: பிரிசில்லா

மருத்துவமனை இணையதளத்துக்காக பிரிசில்லா ஒரேயொரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன், அதாவது ஒரு சிறு நிரல், எழுதியிருந்தாள். நோயாளி தட்டும் விவரங்களைச் சரிபார்த்துப் பதிந்துகொள்வது அதன் வேலை. பொதுக் கோப்பில் அதை வைத்திருந்தாள்; எந்தப் பக்கமும் ஒரே வரியில் அங்கிருந்தே அழைத்துக்கொள்ளலாம். டீம் லீடர் சந்தானத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. அவள் விடுப்பில் இருந்தபோது அதை நகலெடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிவிட்டார். முதல் வரியிலிருந்த அவள் பெயரும் கூடவே போய் ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த நகல்களில் ஆளாளுக்குக் கை வைத்தார்கள். ஒரு பக்கத்தில் அது சரியான செல்பேசி எண்ணைத் தவறு என்றது. டயாலிசிஸ் பக்கத்திலோ எதையுமே பதியாமல் 'பதிவாகிவிட்டது' என்றது.

அதை நம்பி வந்த ஒருவரை இன்று காலை பதிவே இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "யாருங்க அந்த பிரிசில்லா?" என்று, பக்கத்தின் நிரலில் பெயரைப் பார்த்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து போனில் கத்தினார்கள்.

சந்தானம் அவள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும்மா டென்ஷன்? எல்லாப் பக்கத்துலேருந்தும் உன் பேரை எடுத்துடு. யார் எழுதினதுன்னே தெரியாது."

பிரிசில்லாவுக்குக் காது மடல் வரை சுட்டது. டயாலிசிஸ் பக்கத்தைத் திறந்தாள்.

"பேர் இருக்கட்டும் சார்."

பெயருக்குக் கீழே இருந்த அத்தனை வரிகளையும் அழித்தாள். அந்த இடத்தில் பொதுக் கோப்பை அழைக்கும் ஒற்றை வரியைத் தட்டினாள். பிறகு எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒட்டினது நீங்கதானே. மிச்சத்தை நீங்களே உட்கார்ந்து அழிங்க."