தப்பு விழுந்த இடம்

"வீட்டுல கிடார் வாசிச்சு ரெக்கார்ட் பண்ண ஒரு சவுண்ட் கார்டு வேணும்" என்றாள் அந்த அம்மாள், இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

விற்பனையாளனுக்குக் கிடார் என்றால் உயிர். "யாரும்மா வாசிக்கிறது? பையனா?"

"ஒரு தம்பி. சத்தம் அவர் காதுக்கு மட்டும் கேக்கணும். வெளிய பொட்டுச் சத்தம் வரக்கூடாது."

"அப்போ இதை எடுங்க. எலெக்ட்ரிக் கிடாரை இதுல சொருகி, ஹெட்போனை இந்தப் பக்கம் மாட்டிட்டா போதும். பக்கத்துல தூங்குறவங்களுக்குக்கூடக் கேக்காது."

"சாஃப்ட்வேர்? அவர் தினமும் ஒரே பாட்டைத்தான் வாசிப்பார். பாதியில தப்பு விழும். உடனே முதல்லேருந்து ஆரம்பிப்பார். மறுபடியும் அதே இடத்துல தப்பு!"

அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "தப்பு விழுந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிச்சு ஒட்டிக்கிற சாஃப்ட்வேர் இருக்கும்மா. பாவம், அவர் வீட்டுல இருக்கறவங்க எப்படித்தான் பொறுத்துக்கிறாங்களோ!"

"வீட்டுல அவர் தனி ஆள். பொறுத்துக்கிறது நாங்கதான்."

மகனும் இல்லை, உறவும் இல்லை போலிருக்கிறது. பின்னே யாருக்காக இந்த அம்மாள் இவ்வளவு மெனக்கெடுகிறாள்? அவனுக்கு மண்டை குடைந்தது.

"அவர் உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"முதல்ல பில்லைப் போடுங்க."

"யார் பேருல?"

"உங்க பேருலதான். கடை ஆளுங்களுக்குத் தள்ளுபடி உண்டுல்ல? தினமும் மாடிப்படியில எதிர்ல வர்றேன், நீங்கதான் தலை நிமிர்ந்து பார்க்கறதே இல்ல. நான் உங்களுக்குக் கீழ் வீடு, தம்பி."